மடித்து வைத்த இருட்டு: பழைய ஃபோல்டிங் கேமராவை வாங்குவதும் பயன்படுத்துவதும்

சுருதிப் பெட்டியைக் கையாண்டவர்களுக்கு ஃபோல்டிங் கேமராவின் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். மூடினால் கைக்கு அடக்கமான பெட்டி. திறந்தால் மடிப்பு மடிப்பாக ஒரு துருத்தி விரியும். சுருதிப் பெட்டியின் துருத்தியில் காற்று ஒழுகக் கூடாது. கேமராவின் துருத்தியில் வெளிச்சம் ஒழுகக் கூடாது. நான் வளர்ந்தது மும்பை மாட்டுங்காவில், பஜனைப் பாட்டுகளுக்கு நடுவே. அதனால் முதன்முதலில் ஒரு மடிப்புக் கேமராவைத் திறந்தபோது அது அந்நியமாகத் தோன்றவில்லை. அறுபது எழுபது வயதைத் தாண்டிய இந்தக் கேமராவை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிப் படம் எடுப்பது, மழைக்காலத்தில் எப்படிக் காப்பாற்றுவது என்பதெல்லாம் அந்தத் துருத்தியிலிருந்தே தொடங்குகின்றன.

எதற்காக மடிக்க வேண்டும்?

வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரின் அருகே அதைப் பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் ஜன்னலும் வெளியே இருக்கும் மரமும் தலைகீழாகச் சுவரில் தெளிவாக விழும். தொலைவில் இருக்கும் பொருளின் உருவம் தெளிவாக விழ, கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே இருக்க வேண்டிய இந்த இடைவெளிக்குத்தான் குவியத் தொலைவு என்று பெயர். கேமராவில் சுவருக்குப் பதிலாக ஃபிலிம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஃபிலிம் பெரிதாக ஆக, இந்த இடைவெளியும் நீள வேண்டும். 35 மி.மீ. கேமராவில் வழக்கமான லென்ஸ் 50 மி.மீ. படம் 6க்கு 6 செ.மீ. என்றால் 75 மி.மீ. அளவில் வேண்டும். 6க்கு 9 என்றால் 105 மி.மீ., ஏறக்குறைய அரைச் சாண். இந்த அரைச் சாணில் வேறு ஒரு பாகமும் கிடையாது. அங்கே இருக்க வேண்டியது இருட்டு மட்டுமே. பழைய பெட்டிக் கேமராக்கள் அந்த இருட்டை அப்படியே பெட்டியாகச் சுமந்தன. படம் எடுக்காத நேரத்தில் அதை மடித்து வைத்தால் என்ன என்று யோசித்தவர்கள் செய்ததுதான் மடிப்புக் கேமரா.

இதனால் கிடைக்கும் லாபம் பெரிது. 6க்கு 6 நெகட்டிவ் என்பது உண்மையில் 56 மி.மீ. சதுரம், 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு படத்தைவிடப் பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல். அவ்வளவு பெரிய நெகட்டிவைத் தரும் கேமரா, மூடியதும் கோட்டுப் பையில் நுழைந்துவிடும். இன்றுவரை இந்த இரண்டையும் சேர்த்துத் தரும் கருவி வெகு சிலதான்.

எந்தக் காலத்துக் கேமராக்கள்?

கோடக் 1912-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த வெஸ்ட் பாக்கெட் கோடக் பெரும் புகழ்பெற்றது. முதல் உலகப் போரின்போது சிப்பாய்களின் கேமரா என்றே அதை விளம்பரம் செய்தார்கள். 1924-ல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மல்லரியும் ஆண்ட்ரூ இர்வினும் கையோடு கொண்டுபோனதாக நம்பப்படுவதும் இந்த வகைக் கேமராதான். 1999-ல் மல்லரியின் உடல் கிடைத்தது, கேமரா அங்கே இல்லை. அவர்கள் உச்சியைத் தொட்டார்களா என்ற கேள்விக்குப் பதில், மடிந்த ஒரு துருத்திக்குள் பனியில் உறைந்து கிடக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

ஆனால் புதிதாகத் தொடங்குபவர் தேட வேண்டியது அதையல்ல. 1930களிலிருந்து 1950களின் முடிவு வரை ஜெர்மனியில் செய்த கேமராக்களே பழகுவதற்கு ஏற்றவை. ஜைஸ் ஐகானின் நெட்டார், ஐகாண்டா, ஆக்ஃபாவின் ஐசோலெட், ஃபோக்ட்லாண்டரின் பெஸ்ஸா, பெர்கியோ. ஒரு பொத்தானை அழுத்தினால் முன்கதவு இறங்கி, லென்ஸ் தானாக முன்னே வந்து நின்றுகொள்ளும். சூப்பர் ஐகாண்டாவில் தூரத்தை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரும் லென்ஸோடு இணைந்திருக்கும். விலையும் அதற்கேற்ப ஏறும். அதைப் பின்பற்றிச் சோவியத் நாட்டில் செய்தது மாஸ்க்வா. நம் வீடுகளில் பரவலாக இருந்த ஆக்ஃபா கிளிக் 3 இந்த வரிசையில் வராது. அதுவும் 120 என்ற அளவுள்ள ஃபிலிம் ரோலில்தான் படம் எடுக்கும், ஆனால் மடியாது.

விலை பேசுவதற்கு முன்பே ஒரு விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும்: அது எந்த ஃபிலிமைக் கேட்கிறது? 1901-ல் வந்த 120 ரோலை இல்ஃபோர்டு, கோடக், ஃபோமா என்று பலரும் இன்றும் தயாரிக்கிறார்கள். கோடக்கின் பல மடிப்புக் கேமராக்கள் 620 கேட்கும். ஃபிலிம் அதேதான், சுற்றியிருக்கும் ஸ்பூல் மட்டும் மெலிந்தது. இருட்டில் 120 ஃபிலிமை 620 ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்றிப் பயன்படுத்தலாம், ஆனால் முதல் கேமராவுக்கு அந்தத் தலைவலி வேண்டாம். 116, 616 என்று எழுதியிருந்தால் அலமாரிக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டு வாங்குங்கள்.

அப்புறம், உள்ளே காலி ஸ்பூல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் படம் எடுத்த ஃபிலிமைச் சுற்றிக்கொள்ள இடம் இருக்காது. எனக்குக் கிடைத்த ஒரு கேமராவில் ‘இந்து’ ஃபிலிமின் காலி ஸ்பூல் இருந்தது. உதகையில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்தது. நீலகிரியில் பிறந்த ஒரு ரோல், யாரோ ஒருவருடைய கல்யாணத்தையோ கடற்கரையையோ பதிவு செய்துவிட்டு, தன் ஸ்பூலை மட்டும் இங்கே விட்டுப் போயிருக்கிறது. அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

டார்ச் சோதனை

மும்பையில் பழைய கேமரா என்றால் சோர் பஜாரின் மட்டன் தெருவுக்குத்தான் கால்கள் முதலில் போகும். வெள்ளிக்கிழமை கடைகள் மூடியிருக்கும், மற்ற நாள்களில் காலையிலேயே போவது நல்லது. அலங்காரத்துக்காக இப்போது புதிதாகச் செய்யும் பித்தளையும் மரமும் கலந்த துருத்திக் கேமராக்கள் பழைய பொருள் கடைகளில் நிறைய உண்டு. அவற்றில் உண்மையான ஷட்டர், அதாவது ஒரு கணம் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் கதவு, இருக்காது. வேகங்கள் பொறித்த வளையமும், அழுத்தினால் திறந்து மூடும் இதழ்களும் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

என் முதல் கேமராவை வாங்கியபோது வெளித்தோலின் பளபளப்பைத்தான் பார்த்தேன். தாராவி 90 அடி சாலைப் பக்கம் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் எனக்குத் தெரியும். கேமராவை அவரிடம் ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“நல்லா இருக்கா அண்ணாச்சி?”

“வெளித்தோல என்னத்துக்குத் தம்பி பாக்கீங்க? உள்ள லைட்டப் போட்டுல்லா பாக்கணும்.”

அறை விளக்கை அணைத்தார். கேமராவின் பின்கதவைத் திறந்து, துருத்தியை முழுவதும் விரித்து, சின்ன டார்ச்சை உள்ளே விட்டு மெல்லச் சுற்றினார். மடிப்புகளின் மூலைகளில் ஏழெட்டு வெளிச்சப் புள்ளிகள், நட்சத்திரம் மாதிரி. எனக்கு மனசு உடைந்துவிட்டது. அவர் சாதாரணமாகச் சொன்னார்: “மூலைதான போயிருக்கு. இதுக்குப் போய்த் தூக்கிப் போட்டுராதீங்க.”

துருத்தி எப்போதும் மூலைகளில்தான் முதலில் தேயும், ஏனென்றால் ஒவ்வொரு முறை மடியும்போதும் அதிக அழுத்தம் அங்கேதான் விழுகிறது. ஒன்றிரண்டு ஊசித் துளைகள் என்றால் நெகிழும் தன்மையுள்ள கறுப்புத் துணிச் சாயத்தை மெல்லிய பூச்சாகப் பூசியோ, மெல்லிய கறுப்புத் துணியை ஒட்டியோ சரிசெய்யலாம். பூசியது முழுவதும் காய்ந்த பிறகுதான் மடிக்க வேண்டும், இல்லையென்றால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். துருத்தி முழுவதும் சல்லடையாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது, லென்ஸை ஏந்தி நிற்கும் கைகள். திறந்ததும் அவை சொடக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். லென்ஸ் தட்டை விரலால் லேசாக அசைத்தால் ஆடக் கூடாது. ஃபிலிமுக்கு நேர் இணையாக லென்ஸ் நிற்காவிட்டால் படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வரும்.

ஷட்டரை ஒவ்வொரு வேகத்திலும் இயக்கிக் கேளுங்கள். 1 வினாடி இருந்தால் உள்ளே கடிகாரச் சக்கரம் சுற்றும் மெல்லிய ரீங்காரம் தடையில்லாமல் கேட்க வேண்டும். பல ஆண்டுகளாகக் கிடந்த கேமராவில் எண்ணெய் கெட்டிப்பட்டு, நீண்ட வேகங்கள் பாதியில் நின்றுவிடுவது சகஜம். 1/75, 1/200 வினாடி வேகங்கள் நன்றாக வேலை செய்தால் பகல் படங்களுக்கு அதுவே போதும். ஷட்டருக்குள் ஒருபோதும் எண்ணெய் விடாதீர்கள். இதழ்களில் எண்ணெய் பரவினால் அவை ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தூரம் காட்டும் வளையத்தையும் திருப்பிப் பாருங்கள். ஆக்ஃபா மடிப்புக் கேமராக்களில் உள்ளே இட்ட கிரீஸ் காலப்போக்கில் பசைபோல இறுகிவிடுவது பலருக்கும் தெரிந்த சங்கதி. பலம் போட்டுத் திருப்பினால் முன்கண்ணாடியோடு அடுத்த கண்ணாடியும் சேர்ந்து சுழன்று, குவியமே குலைந்துபோகும். இறுகியிருந்தால் கடையில் வைத்துத் திருப்பிக் காட்டச் சொல்லாதீர்கள். இறுகியிருக்கிறது என்று சொல்லி விலையைக் குறையுங்கள்.

லென்ஸில் சிலந்திவலை போன்ற கோடுகள் தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் படத்தில் பெரிதாகத் தெரியாது. அப்போட்டார், நோவார் போன்ற மூன்று கண்ணாடி லென்ஸ்களும் சரி, டெஸ்ஸார், சோலினார் போன்ற நான்கு கண்ணாடி லென்ஸ்களும் சரி, எஃப் 8, எஃப் 11-ல் அருமையாகப் படம் தரும் (எஃப் எண் கூடக் கூட, லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சர் சிறிதாகும்). வித்தியாசம் தெரிவது முழுவதும் திறந்து எடுக்கும்போதுதான். தொடங்குபவர் லென்ஸின் பெயருக்காக இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

படம் எடுப்பது

இந்தக் கேமரா உங்களுக்காக எதையும் தீர்மானிக்காது. தூரம் எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கேட்கும்போது பயமாக இருக்கும், ஆனால் நம் முன்னோர் முழம், சாண், பாகம் என்று உடம்பாலேயே அளந்தவர்கள்தாம். இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு பாகம், கிட்டத்தட்ட உங்கள் உயரம். ஐந்து தப்படி நடந்தால் மூன்றரை மீட்டர். ஒரு வாரம் தெருவில் போகும்போது விளக்குக் கம்பத்தைப் பார்த்துத் தூரத்தை ஊகித்து, நடந்து சரிபாருங்கள். கண் பழகிவிடும். வளையத்தில் இருக்கும் எண்கள் மீட்டரா அடியா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறு பிழைகளை அப்பர்ச்சர் பொறுத்துக்கொள்ளும். 75 மி.மீ. லென்ஸில் எஃப் 11 வைத்து, தூரத்தைப் பத்து மீட்டருக்குத் திருப்பினால், சுமார் ஐந்து மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்கும். அதையே மூன்றரை மீட்டரில் வைத்தால் ஏறக்குறைய இரண்டரையிலிருந்து ஐந்து மீட்டர் வரை. மாட்டுங்கா பூக்கடை வரிசையில் மனிதர்களை எடுக்கும்போது நான் இரண்டாவதைத்தான் வைத்துக்கொள்வேன். மரைன் டிரைவ் என்றால் முதலாவது. ஜைஸ் ஐகான் சில கேமராக்களில் இதற்காகவே தூர வளையத்திலும் அப்பர்ச்சர் வளையத்திலும் சிவப்புப் புள்ளிகளை வைத்தது. இரண்டையும் புள்ளியில் நிறுத்திவிட்டால் யோசிக்காமல் எடுக்கலாம்.

வெளிச்சத்துக்கு ஒரு பழைய விதி போதும். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு உணரும் என்று காட்டும் ஐஎஸ்ஓ எண்ணையே வேகமாக எடுத்துக்கொள்வது. ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100. பல கேமராக்களில் 1/25, 1/75, 1/200 மட்டுமே இருக்கும். கவலை இல்லை: 1/200 வைத்தால் வெளிச்சம் பாதியாகக் குறையும், அப்பர்ச்சரை எஃப் 11-க்குத் திறந்தால் சரியாகிவிடும். மழைக்கால மேகமூட்டத்துக்கு ஐஎஸ்ஓ 400 ரோல் போட்டு 1/200, எஃப் 8. அதே 400 ரோலை மே மாத வெயிலில் போட்டால் எஃப் 22 வரை மூட வேண்டிவரும், அதனால் வெயிலுக்கு 100-ஏ நல்லது. 1/25-ல் கையில் பிடித்து எடுப்பது சிரமம். சுவரிலோ தூணிலோ சாய்ந்துகொள்ளுங்கள்.

செய்யும் வரிசையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. துருத்தி வேகமாக விரியும்போது உள்ளே காற்றின் அழுத்தம் குறைந்து, ஃபிலிமை முன்பக்கம் உறிஞ்சும். சமதளமாக இருக்க வேண்டிய ஃபிலிம் வளைந்துவிடும். ஆகவே கேமராவை மெதுவாகத் திறங்கள். திறந்த பிறகு, படம் எடுக்கச் சற்று முன்பு ஃபிலிமைச் சுற்றுங்கள். சுற்றும்போது ஃபிலிம் இழுபட்டு மீண்டும் நேராகும். இதையே நிரந்தர வழக்கமாக வைத்துக்கொண்டால், ஒரே கட்டத்தில் இரண்டு படங்கள் விழும் தவறும் பெரும்பாலும் நேராது. பிறகு தூரம், அப்பர்ச்சர், வேகம். கடைசியாக ஷட்டரை இழுத்து வைப்பது, அதாவது அதன் ஸ்பிரிங்கை முடுக்கி வைப்பது. இழுத்து வைத்த பிறகு வேகத்தை மாற்ற வேண்டாம். பழைய செல்ஃப் டைமரைத் தொடவே வேண்டாம். அது பாதியில் நின்றால் ஷட்டரும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும்.

பின்பக்கம் இருக்கும் சிறு சிவப்பு ஜன்னல் வழியே, ஃபிலிமின் பின்னால் சேர்த்துச் சுற்றியிருக்கும் காகிதத்தின் எண்களைப் பார்த்துத்தான் சுற்ற வேண்டும். அந்தக் காலத்து ஃபிலிம்கள் பல சிவப்பு ஒளியை உணராதவை, அதனால் சிவப்புக் கண்ணாடி பாதுகாப்பாக இருந்தது. இன்றைய ஃபிலிம் சிவப்பையும் உணரும். சுற்றும் நேரம் தவிர ஜன்னலைக் கறுப்பு டேப்பால் மூடி வையுங்கள். சுற்றும்போது நிழலுக்குப் போங்கள்.

மழைக்காலமும் சேகரிப்பும்

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தோல் செருப்பே பூஞ்சை பிடிக்கிறது, லென்ஸ் தப்புமா? கேமராவோடு வரும் அழகான தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறையைத் தனியாக வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, கேமராவை அதில் வைப்பது என் வழக்கம். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். புதிது மாற்ற வேண்டும். ஷட்டரை இழுத்து வைத்த நிலையில் விடக் கூடாது. மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, துருத்தியை விரித்து, எல்லா வேகங்களிலும் பத்துப் பதினைந்து முறை இயக்குங்கள்.

சேகரிப்பதில் எல்லை கிடையாது. மும்பைக்காரரான திலீஷ் பாரேக் 4,425 பழைய கேமராக்களைச் சேர்த்து கின்னஸில் இடம்பெற்றார். நான் அந்த வழியில் போகவில்லை. என்னிடம் இருப்பவை ஐந்து, ஐந்திலும் வருஷத்துக்கு ஒரு ரோலாவது ஓடுகிறது. ஆறாவது வாங்கத் தோன்றும்போது, இருக்கும் ஐந்தில் எந்தக் கேமராவுக்கு மழைக்குப் பிறகு நேரம் ஒதுக்க முடியாமல் போகும் என்று யோசிப்பேன். செம்பூர் வீட்டின் அலமாரியில் இடமும் அவ்வளவுதான்.

முதல் ரோல்

முதல் ரோல் கறுப்பு வெள்ளையாக இருக்கட்டும். ரோல், கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாயைச் சுலபமாகத் தாண்டும். அதனால் சிலர் ஃபிலிம் கழுவும் சிறு டேங்க் வாங்கி வீட்டிலேயே கழுவுகிறார்கள். ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனமான டெவலப்பருக்கு வழக்கமாகச் சொல்லும் வெப்பநிலை 20 டிகிரி; மும்பைக் குழாய்த் தண்ணீர் மே மாதத்தில் அதைவிட வெகுவாகச் சூடாக இருக்கும். பாத்திரத்தில் ஐஸ் கட்டி போட்டு அதற்குள் பாட்டிலை நிறுத்திக் குளிர்விக்க வேண்டும்.

ஒவ்வொரு படத்துக்கும் தூரம், அப்பர்ச்சர், வேகம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நெகட்டிவைப் பார்க்கும்போது அதுதான் துணை. பல கட்டங்களில் ஒரே இடத்தில் கறுப்புத் திட்டு இருந்தால் துருத்தியில் துளை. கேமராவை வெயிலில் வெகுநேரம் திறந்து வைத்திருந்த கட்டத்தில் திட்டு அடர்த்தியாக இருக்கும். கறையோடு காகிதத்தின் எண்ணும் பதிந்திருந்தால் சிவப்பு ஜன்னல். ஃபிலிமின் ஓரங்களில் மட்டும் கறுத்திருந்தால், எடுத்த ரோலைத் தளர்வாகச் சுற்றியிருக்கிறீர்கள். எல்லாமே மங்கல் என்றால், பின்கதவைத் திறந்து ஃபிலிம் இருக்கும் இடத்தில் டிரேசிங் பேப்பரை இழுத்து ஒட்டி, ஷட்டரை ‘பி’யில் (அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) திறந்து பிடித்து, தூரத்துக் கட்டடத்தைப் பாருங்கள். வளையம் முடிவிலியில் இருக்கும்போது அந்தக் கட்டடம் தாளில் தெளிவாக விழ வேண்டும்.

என் முதல் ரோலின் பன்னிரண்டு படங்களில் ஒன்பதில், மேல் மூலையில் ஒரே திட்டு இருந்தது. அண்ணாச்சி காட்டிய நட்சத்திரங்களில் ஒன்றைச் சாயம் பூசும்போது நான் தவறவிட்டிருக்கிறேன். மறுபடி விளக்கை அணைத்து, டார்ச்சை விட்டுத் தேடினேன். முன்தட்டை ஒட்டிய இரண்டாவது மடிப்பில் இருந்தது.